அம்மப்பாவின் பதக்கங்கள்

அன்புள்ள மகன்,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட மனம் வரவில்லை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11ஆம் திகதிக்காகப் பள்ளிக்கூடத்தில் ‘உங்கள் குடும்பத்தில் யாராவது போருக்குப் போனார்களா’ என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறார்கள், அவள் உன்னிடம் கேட்டாள், நீ என்னிடம் கேட்கிறாய். இரண்டாம் உலகப் போருக்குப் போனார். என் அப்பா, உன் அம்மப்பா. மூன்று பதக்கங்களையும் லண்டனுக்கு வரும் மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் போர்க்காலப் பதக்கம் இரண்டிலும் அவருடைய பெயர் இருக்காது. பிரித்தானியா அவற்றைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. கைமாறினால் யாரோ ஒருவருடைய பதக்கம் ஆகிவிடும், அதனால் இந்தக் கடிதத்தையும் பதக்கங்கள் இருக்கும் டின்னுக்குள்ளேயே வை.

வெள்ளை உலோகத்தில், பின்பக்கம் இரண்டு தலை டிராகனின் மேல் சிங்கம் நிற்கிறதே, அதுதான் 1939-45 போர்ப் பதக்கம். சின்ன வயதில் நான் அதைக் கோயில் தூணில் இருக்கிற யாளி என்றே நினைத்திருந்தேன். சிங்கத்தின் முகம் தேய்ந்திருப்பதற்குக் காரணம் உன் அம்மம்மா. விளக்கீட்டுக்குக் குத்துவிளக்கு மினுக்கும்போது இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பா. 28 நாள் முழுநேரச் சேவை இருந்தாலே கிடைக்கும் பதக்கம் அது, பெரிய வீரச்செயலுக்குக் கொடுத்தது என்று பிள்ளை எழுதிவிடக் கூடாது, சரியா? மற்றது பாதுகாப்புப் பதக்கம். அதன் ரிப்பனில் நடுவில் செம்மஞ்சள், எரிந்த நகரங்களுக்காக. ஓரத்துப் பச்சைக்குள் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள், விளக்கணைத்த இரவுகளுக்காக.

அந்த நெருப்பை அப்பா கண்ணால் கண்டவர். சிலோன் லைட் இன்பன்ட்ரி என்ற அந்தக் காலத்து இலங்கைத் தரைப்படைப் பிரிவில் சேர்ந்து திருகோணமலையில் காவலுக்கு நின்றார், வயது இருபத்தொன்று. 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான் விமானங்கள் வந்தன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்ததைச் சொல்லும்போதெல்லாம் மூக்கைத் தடவிக்கொள்வார், அந்த மணம் போகவில்லை போல. குண்டுக்குத் தப்ப முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானியாவின் ஹேர்மிஸ் கப்பலை அதே முற்பகல் எங்கள் மட்டக்களப்புக் கரைக்கு நேரே மூழ்கடித்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள். கல்லடிக் கரையில் நின்று புகையைப் பார்த்த அவருடைய தாய், மகன் அந்தக் கப்பலில்தான் இருக்கிறான் என்று நினைத்து மணலில் விழுந்து அழுதாவாம். அவர் கப்பற்படை இல்லை, தரைப்படை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம், கடிதம் வரும்வரை சோறு தண்ணி இல்லை. நீ லண்டனுக்கு ஏறிய அன்று நான் ஏன் அப்படி அழுதேன் என்று கேட்டாயே, எங்கள் குடும்பத்துப் பெண்கள் அப்படித்தான் மகன்.

அப்புறம் 1949 ஒக்டோபரில் இலங்கைக்கென்று நிரந்தர இராணுவம் வந்தபோது அதிலும் சேர்ந்து 1970 வரை இருந்தார். 1955இல் அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர், தளபதியாக வந்த முதல் இலங்கையர் ஆனபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். மூன்றாவது பதக்கம் அந்த நீண்ட சேவைக்குக் கிடைத்தது.

ஆனால் எனக்கு நினைவிருக்கும் அப்பா 1957 டிசம்பர் வெள்ளத்து அப்பாதான். எனக்கு ஐந்து வயது. இராணுவ லொறி ஒன்று எங்கள் வீதியால் போகிறது, மேலே அரிசி மூட்டைகள், மூட்டைக்கு மேலே அப்பா, இடுப்புவரை சேறு. “அப்பா!” என்று கத்தினேன். கை காட்டினார், இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்து, கோப்பையில் கைபோட்டபடியே தூங்கிவிட்டார். அதற்குப் பதக்கம் ஒன்றும் இல்லை. பேத்தியிடம் கட்டாயம் இதைச் சொல்லு.

1990இல் உள்நாட்டுப் போருக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடும்போது பதக்கங்களை மில்க்மெய்ட் டின்னில் போட்டுக் கிணற்றடி மாமரத்தின் கீழ் புதைத்தோம். இராணுவப் பதக்கம் ஒரு தமிழ் வீட்டில் ஏன் இருக்கிறது என்று எந்தப் பக்கம் கேட்டாலும் பதில் சொல்லித் தப்ப முடியாத காலம் அது. அப்பாவே குழி தோண்டினார், ஒரு சொல் பேசவில்லை. தோண்டி எடுக்கும்போது ரிப்பன் உக்கிப் போயிருந்தது. சுனாமிக்கு முதல் வந்தாறுமூலையில் சின்னம்மா வீட்டில் கொடுத்து வைத்திருந்தபடியால் மிஞ்சியது.

கடைசிக் காலத்தில் என் பெயரையே மறந்துவிடுவார், ஆனால் படை இலக்கத்தைக் கேட்டால் படுத்திருந்தபடியே ஒரு எண் பிசகாமல் சொல்வார். அதைத் தனித் தாளில் எழுதி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். பிள்ளையிடம் அவருடைய முழுப்பெயரையும் அதன் கீழே தமிழில் எழுதச் சொல்லு. எழுத்துப் பிழை விட்டாலும் பரவாயில்லை, அவளுடைய கையெழுத்தாக இருக்கட்டும். உக்கின ரிப்பனை எறிந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா