கைடு புக்கை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வெளிநாட்டு ஊருங்களைச் சுத்திப் பாக்கறதைப் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்தது, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு வரி, கையில போன் இருக்கும்போது அச்சடிச்ச கைடு புக்கை இன்னும் எவன் தூக்கிட்டு அலையறான்ங்கிற மாதிரி. அந்த எவன் நான்தான். அதான் இந்த லெட்டர்.

முதல்லயே ஒத்துக்கறேன், டிக்கெட், திறக்குற நேரம், பஸ் நம்பர் இதுக்கெல்லாம் புக்கை நம்பிப் போறது பைத்தியக்காரத்தனம். ஒருத்தர் ஊருக்குப் போய் பாத்து எழுதி, அதை எடிட் பண்ணி, அச்சாகி நம்ம கைக்கு வரும்போதே அது பழைய சரக்கு. பாரிஸ்ல நோத்ர்தாம் சர்ச் 2019 ஏப்ரல்ல தீப்பிடிச்சு கூரையே போச்சு, மறுபடி திறந்தது 2024 டிசம்பர்ல, நடுவுல இருந்த அந்த அஞ்சரை வருஷமும் பழைய எடிஷனை மட்டும் நம்பி உள்ள போகலாம்னு போனவங்க வேலிக்கு வெளிய நின்னுதான் பாத்திருப்பாங்க. ஹோட்டல் லிஸ்டைப் பத்தி பேசவே வேணாம், பாதி மூடியிருக்கும், மீதி பேர் மாத்தியிருக்கும்.

ஆனா விஷயம் என்னன்னா, போன்ல எல்லாமே இருக்கு, நமக்கு என்ன கேக்கணும்னு தெரிஞ்சா. தெரியாத ஊருக்குப் போறவனுக்கு என்ன கேக்கணும்னே தெரியாது, அதானே பிரச்சனை? பாரிஸ்ல லூவ்ரு மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, அதே ஊர்ல ஓர்சே மியூசியம் திங்கக்கிழமை லீவு, வாடிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், மாசக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமா திறப்பாங்க, அன்னிக்கு கூட்டம் அள்ளும். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு. இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா தேடினா போன் கரெக்டா சொல்லும், நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா தேடணும்னு உங்களுக்குத் தோணணுமே! புக்குல மொத நாலு பக்கத்துக்குள்ளயே ஒரு பெட்டி கட்டி எது என்னிக்கு மூடியிருக்கும்னு போட்டிருப்பான், டீ குடிச்சிட்டே சும்மா புரட்டும்போது கண்ல படும், உடனே திங்கக்கிழமை பிளானை புதனுக்கு மாத்திடுவோம். கேக்காததையும் சொல்ற குணம் அந்த அச்சுப் பக்கத்துக்கு இருக்கு.

சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். சில வருஷம் முன்னாடி நானும் வீட்டம்மாவும் இத்தாலியில இருக்கிற வெனிஸ் போனோம். பஸ் எல்லாம் நிக்கிற பியாட்சாலே ரோமாவுல இறங்கி, பெட்டியை இழுத்துட்டு பக்கத்துல இருந்த பாலத்து மேல ஏறி மூச்சு வாங்க நின்னோம். கையில நண்பர் குடுத்த 2006 எடிஷன் புக்கு. அதுல ஊருக்கு நடுவுல ஓடுற கிராண்ட் கால்வாய் மேல மொத்தமே 3 பாலம்தான்னு போட்டிருக்கு, மூணோட பேரும் இருக்கு, மேப்பும் இருக்கு, எண்ணி எண்ணிப் பாக்கறேன், நாங்க நிக்கிற பாலம் அதுல இல்லவே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, நாங்க நிக்கிறது 2008ல திறந்த நாலாவது பாலம். வீட்டம்மா அடிச்ச நக்கலை இங்க எழுத முடியாது.

சரி போகட்டும்னு போனை எடுத்தேன். ரூம் அட்ரஸ்ல தெருப் பேரே கிடையாது, ஒரு பேட்டை பேரு, பக்கத்துல ஒரு நாலு டிஜிட் நம்பர், அவ்வளவுதான். போன் அதை வாங்கிட்டு வழி காட்ட ஆரம்பிச்சுது, கொஞ்ச தூரம் ஒழுங்காத்தான் போச்சு, அப்புறம் சந்து குறுகிக்கிட்டே வந்து, ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் தட்டுற மாதிரி ஆன உடனே அந்த நீலப்புள்ளி ஆட்டம் காட்ட ஆரம்பிச்சுடுச்சு. திறந்தவெளியில அஞ்சு மீட்டருக்குள்ள சொல்ற ஜிபிஎஸ், உசரமான சுவருங்களுக்கு நடுவுல சேட்டிலைட் சிக்னல் பட்டுத் தெறிச்சு வர்றதால தடுமாறும், அது போனோட தப்பு இல்ல. ஆனா அந்த நேரத்துல எனக்கு அதெல்லாமா தோணும், நான் நிக்கிறது ஒரு கரை, புள்ளி நிக்கிறது எதிர்க்கரை, நடுவுல தண்ணி. படிக்கட்டுப் பாலத்துல பெட்டியைத் தூக்கி ஏறி இறங்கி ஏறி இறங்கி தோள்பட்டை கழண்டு போச்சு.

கடைசியில ஒரு சர்ச் வாசல் படியில உக்காந்து, நக்கல் அடிச்ச அதே வீட்டம்மாதான் அந்தப் பழைய புக்கைத் திறந்தாங்க. அரைப் பக்கம்தான் இருக்கும் அந்தக் குறிப்பு. இந்த ஊர் 6 பேட்டையா பிரிஞ்சிருக்கு, வீட்டு நம்பர் தெருவுக்குத் தெரு போடல, பேட்டை முழுக்க ஒரே வரிசையா ஆயிரக்கணக்குல ஓடும், அதனால வெறும் நம்பரை வெச்சு தேடாதீங்க, தெருப் பேரையும் பக்கத்துல இருக்கிற சர்ச்சோட பேரையும் கேட்டு வாங்கிக்கோங்கன்னு. வழி தப்பினா சுவத்துல மஞ்சள் போர்டைப் பாருங்க, ரியால்டோ பாலத்துக்கு எப்படி, சான் மார்கோ சதுக்கத்துக்கு எப்படின்னு அம்புக்குறி போட்டிருக்கும்னு. ரூம்காரருக்கு போன் போட்டு தெருப் பேரைக் கேட்டோம், புக்கு பின்னாடி இன்டெக்ஸ்ல பாத்து மேப்ல கட்டத்தைப் பிடிச்சோம், பத்து நிமிஷத்துல கதவு முன்னாடி நின்னோம். பாலத்தை எண்ணத் தெரியாத புக்குதான் வீடு கொண்டு போய் சேத்துச்சு.

அதுக்கப்புறம் அந்த ஊர் எனக்கு விளங்கின விதமே வேற. கால்வாய் ஊருக்கு நடுவுல எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி வளைஞ்சு போகுது, அதைக் கடக்க பாலம் நாலுதான் (மூணு இல்ல, நாலு!), ஆகவே எதிர்ல தெரியுற கட்டடம் கிட்டத்துல இருந்தாலும் நடந்து போக ரொம்ப சுத்தணும். இதை ரெட்டைப் பக்க மேப்ல ஒரு தடவை பாத்துட்டா மண்டையில உக்காந்துடும். போன் திரையில நாம நிக்கிற தெரு தெரியும், அடுத்து எங்க திரும்பணும்னு தெரியும், பெருசாக்கினா தெரு தெரியும் ஊர் தெரியாது, சின்னதாக்கினா ஊர் தெரியும் தெருப் பேர் மறைஞ்சிடும். மூணு நாள் அது சொன்னபடி நடந்துட்டு வந்தவன்கிட்ட ஆறு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பான்.

இன்னொண்ணு இந்த ரிவ்யூ சமாச்சாரம். எந்த இடத்தைத் தட்டினாலும் நாலு புள்ளி அஞ்சு, நாலு புள்ளி ஆறு, அத்தனைக்கும் ஆயிரம் பேர் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்கான், இருக்கிறது ரெண்டே நாள், இதுல எதை விடறது? புக்கு எழுதுறவருக்கு முந்நூறோ நானூறோ பக்கம்தான், அதுக்குள்ள அடக்கணும்னா இது வேணாம் அது போதும்னு வெட்டித்தான் ஆகணும், அந்த வெட்டுக்குத்தான் நான் காசு குடுக்கறேன். ஜெர்மனியில கார்ல் பேடெக்கர்னு ஒருத்தர், 1827ல பதிப்பகம் ஆரம்பிச்சவர், கூலிக்கு வர்ற வழிகாட்டிங்க கையை எதிர்பாக்காம பயணி தானே சுத்தணும்னு கையடக்க புக்கு போட்டார், 1840கள்ல முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போட ஆரம்பிச்சதும் அவர்தான். மிலான் கதீட்ரல்ங்கிற பெரிய சர்ச் மேல ஏறும்போது, படியை எண்ணறதுக்காக இருபது படிக்கு ஒரு பட்டாணின்னு ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்திக்கிட்டே போனார், இறங்கும்போது திரும்ப எண்ணி சரிபாத்தார்னு அவரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. ரிவ்யூ போடுறவங்கள்ல எத்தனை பேர் பட்டாணி எண்ணியிருப்பாங்க? எல்லா புக்கும் அப்படின்னு சொல்லல, ஊருக்கே போகாம இங்கயும் அங்கயும் பொறுக்கி ஒட்டின புக்கும் வருது, போட்டோ அரைக்கிலோ விஷயம் அரைப்பக்கம்னு வர்றதும் உண்டு. அதெல்லாம் எடைக்குத்தான் லாயக்கு.

கனம்தான் கஷ்டம்னா அதுக்கும் வழி இருக்கு. நான் பிளேடு வெச்சு போற ஊரோட அத்தியாயத்தை மட்டும் கீறி எடுத்து, மேப்பைச் சேத்து ஒரு கிளிப் போட்டு சட்டைப் பையில வெச்சுக்குவேன் (புக்கைக் கிழிக்கிறது பாவம்னு நெனைக்கிறவங்க மன்னிக்கணும்). கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி பென்சிலோட உக்காந்து கிட்டகிட்ட இருக்கிற இடங்களை வட்டம் போட்டுட்டு, அந்த வட்டத்துக்குள்ள இருக்கிறதுக்கு மட்டும் நேரம், டிக்கெட் இதையெல்லாம் போன்ல பாத்து ஓரத்துல குறிச்சுக்குவேன். ரெண்டும் வேணும்.

உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. அந்த ஞாயிறு பக்கத்துல முக்கால் இடத்தை சூரியன் மறையுற போட்டோவுக்கே குடுத்துடறீங்க. அதுல ஒரு ஓரத்துல ஊரோட சின்ன மேப், அளவுகோல் போட்டு, பக்கத்துல எது எந்தக் கிழமை லீவுன்னு நாலு வரி போட்டீங்கன்னா, என்னை மாதிரி கத்திரிக்கோல் வெச்சிருக்கிற ஆளுங்க வெட்டி வெச்சுக்குவோம்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாம படிக்கிற வாசகன்