காதோரம் வலித்தால் உடனே பல்லைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சொத்தைப் பல், ஈறு வீக்கம் எல்லாம் வருகிறது, காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் வலது காதுக்கு முன்னால் வலி ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் டக்கென்று சத்தம், லபெட் என்கிற பர்மியத் தேயிலை ஊறுகாய்க் கலவையில் கிடக்கும் பொரித்த பட்டாணியைக் கடித்தால் நெற்றிப்பொட்டு வரை இழுக்கும், காலையில் எழுந்தால் பிடரி மரக்கட்டை மாதிரி இருக்கும். காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். ஒரு பல் கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பல் போச்சு, வலி போகவில்லை. நல்ல பல் அது, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் இங்கே யாங்கோனிலேயே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் வாயைப் பார்க்கும் முன்னால் கழுத்தைப் பார்த்தார். நான் நாள் முழுக்கக் கடையில் கணக்கு நோட்டின் மேல் குனிந்தே இருப்பவள். தாடையிலிருந்து வரும் நரம்பும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் மூளைக்குப் போகிற வழியில் ஒரே இடத்தில் சேருவதால் கழுத்து வலி தாடையிலும் தாடை வலி கழுத்திலும் தெரியும் என்று விளக்கினார். அப்புறம் கையுறை போட்டு, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, தாடையை மெதுவாகக் கீழே இழுத்துப் பிடித்தார். கன்னத் தசையை உள்ளேயும் வெளியேயும் பிடித்துத் தளர்த்தினார். கழுத்தின் மேல் மூட்டுகளை மெல்ல அசைத்தாரே தவிர, திருகிச் சொடக்கு எடுக்கவில்லை. தயவுசெய்து யாரும் கண்ட இடத்தில் கழுத்தைத் திருகக் கொடுக்காதீர்கள், அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாயே கிழிந்துவிடும்.

வீட்டில் செய்யச் சொன்னது ரொம்பச் சின்ன வேலை. ‘ன’ என்று சொல்லும்போது நாக்கு நுனி தொடுகிற இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். மற்ற நேரத்தில் உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. நான் கணக்குப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது! ஆறு வாரத்தில் சாதாரணமாகச் சாப்பிட முடிந்தது. டக் சத்தம் இன்னும் இருக்கிறது, வலி இல்லாவிட்டால் அதற்கு வைத்தியம் வேண்டாம் என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் நிறைய. உங்கள் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறது என்றால் அது பாக்கினால் வரும் வேறு நோயாக இருக்கலாம், புற்றுநோய் வரை போகக் கூடியது. அதை அமுக்கி விட்டுச் சரி செய்ய முடியாது, முதலில் வாய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விவரம் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டை வைத்து, படம் போட்டு, இதைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், எங்கள் அம்மாவும் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கோன்