கடலடி மலைத்தொடரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உலகின் பெரிய மலைத்தொடர்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'உலகிலேயே நீளமானது ஆண்டிஸ்' என்று முடித்துவிட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிலத்தின் மேல் இருப்பவற்றில் அதுதான் நீளம், சரி. சுமார் 7,000 கிலோமீட்டர். கடலுக்கு அடியில் ஓடும் நடுக்கடல் மலைத்தொடரோ ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர்! அட்லாண்டிக்கின் நடுவே தெற்கு நோக்கி இறங்கி, ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடலுக்குள் புகுந்து, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே போய், பசிபிக்கிலும் தொடர்கிறது. பெரும்பாலும் அதன் முகடே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஐஸ்லாந்து மாதிரி சில இடங்களில்தான் தண்ணீருக்கு மேலே தலைகாட்டுகிறது.

நீளம் மட்டுமே இங்கே விஷயம் இல்லை. நிலத்தட்டுகள், அதாவது பூமியின் மேலோடாக அமைந்த பெரும் பாறைப் பலகைகள், மோதுவதால் மலைகள் எழுகின்றன என்கிறது கட்டுரை. இமயமலைக்கு அது பொருந்தும்; சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மோதல் இன்னும் நடக்கிறது. நடுக்கடல் தொடர் பிறப்பது இதற்கு நேர்மாறாக. அங்கே தட்டுகள் விலகுகின்றன, அந்த இடைவெளியில் பாறைக்குழம்பு மேலே வந்து உறைந்து புதுத் தரையாகிறது. மலை பிறக்கும் இந்த இன்னொரு வழியைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

அப்புறம், இந்தக் கடலடித் தொடரை வரைபடமாக்கிய அமெரிக்கப் புவியியலாளர் மேரி தார்ப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். 1950களின் தொடக்கத்தில் ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்துக்கொண்டு, நியூயார்க்கில் மேசைமுன் உட்கார்ந்து அட்லாண்டிக்கின் குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் மலைமுகட்டின் நடுவில் அதே இடத்தில் பள்ளம் தெரிந்தது. தரை பிளந்து விலகுகிறது என்றார். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று தள்ளிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் கடலடி நிலநடுக்கங்களைப் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள். புள்ளிகள் அந்தப் பள்ளத்தின் வழியே வரிசையாக விழுந்தன. பிறகு ஹீசனும் ஏற்றுக்கொண்டார். அவ்வளவு பொறுமையான உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அண்டார்டிகாவின் பனிக்கடியில் முழுக்கப் புதைந்திருக்கும் கம்பர்ட்சேவ் மலைத்தொடரையும் கொஞ்சம் கவனியுங்கள். 1958இல் சோவியத் ஆய்வுக்குழு அதைக் கண்டறிந்தது. ஒரு சிகரம்கூட வெளியே தெரியாது.

தார்ப்பும் ஹீசனும் உருவாக்கி, ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிஷ் பெரான் தீட்டிய கடல்தள வரைபடம் 1977இல் வெளியானது. அனுமதி பெற்று அதை நடுப்பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். உங்கள் இதழைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டிஸ் என்று மனப்பாடம் செய்துவிடுவதற்குள், அடுத்த இதழிலேயே வந்தால் நல்லது.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்