மனையின் செக்குபந்தியில் ஒரு மளிகைக் கடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, மனை வாங்குவோருக்கு உங்கள் பத்திரிகை எழுதும் யோசனைகளைத் தவறாமல் படிக்கிறேன். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், லேஅவுட் அனுமதி, ரெரா பதிவு எண் என்று பார்க்கவேண்டியவை எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. வேலூரில் வீட்டுத் தரகு செய்து பிழைக்கும் எனக்கு ஒரே ஒரு குறை. அந்த மனையில் குடியேறுகிறவர் உப்பு தீர்ந்துபோனால் எங்கே போவார் என்று ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஊர் மனை விளம்பரங்களும் அப்படித்தான். சி.எம்.சி.க்கு இத்தனை நிமிடம், வி.ஐ.டி.க்கு இத்தனை நிமிடம். ரத்தினகிரிப் பக்கம் சி.எம்.சி.யின் புதிய வளாகம் 2022இல் திறந்த பிறகு அதற்கும் ஒரு நிமிடக் கணக்கு சேர்ந்துகொண்டது. அந்த நிமிடங்களை எல்லாம் நள்ளிரவில் காரை ஓட்டித்தான் எடுத்திருப்பார்கள் என்பது, மாலையில் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். போகட்டும். ஆஸ்பத்திரி எப்போதாவது, கல்லூரி நான்கு வருடம். கொத்தமல்லிக் கட்டு தினமும் வேண்டுமே, அதற்கு எத்தனை நிமிடம்?

பழைய பத்திரம் எழுதியவர்களுக்கு இந்த விவரம் தெரிந்திருந்தது. ‘வட ஆற்காடு மாவட்டம், வேலூர் தாலுகா’ என்று தொடங்கும் பத்திரங்கள் இன்னும் என் கைக்கு வருகின்றன. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. மாவட்டத்தின் பெயரும் எல்லையும் எப்படி மாறினாலும், மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் படித்தால் அந்தத் தெரு கண்முன் வரும்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மளிகைக் கடைக்கு மேற்கு. அக்கம்பக்கத்தாரைச் சொல்லித்தான் மனையை அடையாளம் காட்டினார்கள். இப்போது எழுதுவது ‘மனை எண் 27க்குத் தெற்கு, 30 அடி சாலைக்கு வடக்கு’. சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 27இல் யார் இருக்கிறார் என்று கேட்டால், பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான்.

வீடு பார்க்க வருகிறவர்களை நான் முதலில் வீட்டுக்கு அழைத்துப் போவதில்லை. கடைகள் வழியாக நடத்திக் கூட்டிச் செல்வேன். காகிதப்பட்டறையில் ஓய்வுபெற்ற தம்பதிக்கு வீடு காட்டுவதென்றால் காலையிலேயே வரச் சொல்வேன். உழவர் சந்தையில் பை நிறைந்துவிட்டால் அந்த அம்மாள் வீட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லாவிட்டால் முகம் சுளிக்கும் ஊர் இது. அந்தக் காய் எங்கே வாடாமல் கிடைக்கும் என்பதும் எனக்கு மனை விவரம்தான். இப்படிப் பேசினால் கமிஷனுக்காகப் பேசுகிறான் என்பார்கள். ஆமாம், எனக்கு ஆதாயம் உண்டு. மறைக்கவில்லை.

சி.எம்.சி. எதிரே பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் கடை நடத்துகிறவர்களைப் பார்த்து நான் வியக்காத நாள் இல்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி, அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகக் கடையில் கடுகெண்ணெய் வந்தது. பலகையில் வங்காள எழுத்து வந்தது. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு வந்தன. கால் கிலோ அரிசி, இரண்டே உருளைக்கிழங்கு என்று கேட்டாலும் முகம் கோணாமல் நிறுத்துக் கொடுக்கிறார்கள். காய்கறிக்காரர் வங்காளத்தில் விலை சொல்வார். பேரமும் அதே மொழியில் நடக்கும். நெரிசல், சாக்கடை, ஆட்டோ ஹாரன் எல்லாம் சேர்ந்த தெருதான், குடும்பத்தோடு குடியிருக்க நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இருந்தாலும் ஒரு தெரு அங்கே தங்குகிறவர்களுக்கு ஏற்றபடி தன்னை எப்படி மாற்றிக்கொள்ளும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள்.

சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியம் போட்ட பகுதிகளை இன்றும் ‘பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு’ என்றுதான் சொல்கிறோம். காகிதத்தில் கோடு போட்டுப் பிறந்த இடம். அங்கேயும் முன்னறையில் தையல் மிஷின், போர்டிகோவில் மாவுக் கடை, மாலையில் பஜ்ஜி என்று வந்த பிறகுதான் ஊர்க்களை வந்தது. லாங்கு பஜார், நேதாஜி மார்க்கெட் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைத்தவர்கள் எழுதட்டும்.

சாமானைப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவர செயலி இருக்கிறதே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இருக்கட்டும், நானும் வாங்குகிறேன். ஆனால் செயலியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? நான் காட்டும் பழைய வீடுகள் பலவற்றின் சாவி எதிர்க்கடையில்தான் இருக்கும். ஓனர் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். வேறொன்றும் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து, ஊருக்குள் தாழ்வான இடங்களிலும் மழைநீர் புகுந்தபோது எந்தத் தெருவில் எந்தப் படிவரை தண்ணீர் நின்றது என்பது வில்லங்கச் சான்றில் வராது. விற்பவர் சொல்லமாட்டார். தரகரும், வெட்கத்தோடு சொல்கிறேன், பெரும்பாலும் சொல்லமாட்டார். தெருமுனைக் கடைக்காரர் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கோடையில் போர் வற்றுமா, மேல்மாடி வீட்டில் ஏன் யாரும் தங்குவதில்லை, எல்லாம் அவரிடம் இருக்கிறது.

இத்தனையும் எழுதக் காரணம், பாகாயம், கணியம்பாடி, லத்தேரி சாலைகளில் புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகள். நுழைவு வளைவு இருக்கிறது, தார்ச்சாலை இருக்கிறது, தெருவிளக்கு எரிகிறது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது விதி; ஆகவே பூங்கா என்ற பலகையும் இருக்கிறது. கடை மட்டும் இல்லை. சில வரைபடங்களில் ‘கடை’ என்று குறித்த மனை உண்டு. அதையும் முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். பத்து வீடு வராமல் கடை வராது, கடை வராமல் பத்து வீடு வராது. இந்தச் சிக்கலை அவிழ்க்க மனை போடுகிறவரால்தான் முடியும். வளைவுக்குச் செலவழிக்கும் பணத்தில் நான்கு சின்னக் கடைகளைக் கட்டி, முதல் இரண்டு வருடம் பேருக்கு ஒரு வாடகை வாங்கிக்கொண்டு பால், மளிகை, மாவு, மருந்து என்று கொடுத்துப் பார்க்கட்டும். மீதி மனைகள் தானாக நகரும். வாங்கியவர்களும் கொஞ்சம் மனம் வைக்கவேண்டும். கிரயம் முடிந்த மறுமாதமே, வேப்பமரத்தடி இஸ்திரி வண்டியை அப்புறப்படுத்தச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுக்கிறார்கள். தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதை யாராவது அவர்களுக்குச் சொன்னால் நல்லது. கசங்கிய சட்டையோடு யாரும் அலுவலகம் போகப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மனை விளம்பரங்களோடு வாரம் ஒரு தெருவைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். அங்கே என்னென்ன கடை, எத்தனை மணிக்குத் திறக்கும், கடன் கொடுப்பாரா, நடந்து போகும் வழியில் நிழல் உண்டா என்று. வேலப்பாடியிலிருந்து தொடங்கலாம். அங்கே விற்பதற்கு இப்போது என் கையில் வீடு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வீட்டுத் தரகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.