எட்டுக் கேள்விக்குறிகள்: எங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மலைக்குச் சேவை தரும் நிறுவனத்தின் குறுஞ்செய்திப் பிரிவுக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, போனுக்குக் காசு போடும் ரீலோட் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் உங்கள் சிம்களுக்கு வெறும் கேள்விக்குறிகளாக வந்த மண்சரிவு எச்சரிக்கை பற்றி உங்களிடம் மூன்று தடவை பேசிவிட்டேன். முறைப்பாட்டு இலக்கமும் தந்தீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அந்த இலக்கத்துக்குள் பாட்டி இருக்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலை ஏழு மணி. கடைப் பலகையை அப்போதுதான் எடுத்தேன். மேல் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாட்டி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக இறங்கி வந்தார். கையில் பட்டன் போன், பொலித்தீன் பையில் சுற்றியிருந்தது. "தம்பி, நான் யாருக்கும் பேசவே இல்ல. ராத்திரி 117 ரூவா வெட்டிட்டானுங்க, என்னன்னு பாரு" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்கக் கேள்விக்குறி. நடுவில் 117 என்ற இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் அது. பாட்டிக்குப் படிக்கக் கிடைத்தது அந்த மூன்று எண்கள்தான். அதைக் காசு என்று நினைத்திருக்கிறார். நான் வேறு என்ன நினைத்திருப்பேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அதே செய்தி முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு என் போனுக்கும் வந்தது. என்னுடையது வேறு நிறுவனத்து சிம். "மண்சரிவு அபாயம்" என்று நல்ல தமிழில் வந்தது. எல்லாருக்கும் வந்திருக்கும் என்று நம்பிப் படுத்துவிட்டேன். மேல் லயத்துக்கு உங்கள் சிக்னல் மட்டும்தான் ஏறும். அங்கே எல்லார் கையிலும் உங்கள் சிம்தான். அந்த இரவு முழுக்கப் பிள்ளைகள் அந்தச் சரிவின் கீழே தூங்கினார்கள். பாட்டியின் போனைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய்ச் சொன்னோம், எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு இறக்கினோம். நடுப்பகலில் லயத்தின் பின்பக்க மண்மேடு சரிந்து அடுப்படிகளுக்குள் வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாட்டி காசுக் கணக்கில் கவனமான மனுஷி என்பதால் தப்பினோம்.

மீரியபெத்தை எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. 2014 அக்டோபர் 29 அங்கே மண்சரிவு லயங்களை மூடிய நாள் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "போனில் தமிழ் எழுத்து இல்லை, போனை மாற்றச் சொல்லுங்கள்." ஐயா, பாட்டியின் அதே போனில் உங்கள் டேட்டா பெக்கேஜ் விளம்பரம் வாரம் இரண்டு முறை பிழையில்லாத தமிழில் வருகிறது. போனில் குறை இல்லை. எச்சரிக்கை வேறொரு வலையமைப்பிலிருந்து உங்கள் வலையமைப்புக்குள் கடந்து வரும் இடத்தில்தான் குறை.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறுஞ்செய்தியின் சுமை 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்தை 7 பிட்டாக அடுக்கினால் 160 கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும், 70தான் கொள்ளும். செய்தியோடு ஒரு இலக்கமும் பயணம் செய்கிறது: 8 என்றால் உள்ளே இருப்பது 16 பிட், 0 என்றால் வழக்கமான 7 பிட் எழுத்து வரிசை. எல்லையில் உங்கள் இயந்திரம் பொதியைப் பிரித்து மறுபடி கட்டும்போது எல்லாவற்றையும் 7 பிட் வரிசைக்குள் திணிக்கப் பார்த்தால், அந்த வரிசையில் இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். எண்கள் அந்த வரிசையில் இருப்பதால் 117 தப்பிவிட்டது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. என் போனையும் பாட்டியின் போனையும் பக்கத்தில் வைத்து எண்ணினேன். 'மண்சரிவு' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியையும் இகர, உகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு எட்டுக் குறியீடு. பாட்டியின் போனில் முதலில் எட்டுக் கேள்விக்குறிகள். அப்புறம் ஓர் இடைவெளி. அப்புறம் ஆறு. 'அபாயம்' என்பதற்குக் குறியீடு ஆறு. செய்தியோடு வரும் அந்த இலக்கம் மட்டும் 8இலிருந்து 0 ஆகியிருந்தால் தாறுமாறான எழுத்துகள் வந்திருக்கும். கேள்விக்குறி வந்தால், வழியில் யாரோ எழுத்தையே அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு விலையுள்ள போன் வாங்கினாலும் அந்த எழுத்து திரும்பி வராது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். வேறு வலையமைப்பிலிருந்து வரும் தமிழைத் தமிழாகவே உள்ளே விடுங்கள். சர்வதேசத் தர ஆவணத்தில் தமிழுக்கென்று 7 பிட் அட்டவணைகூட இருக்கிறது. அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. வந்த 16 பிட்டைக் கைவைக்காமல் கடத்திவிட்டால் போதும்.

கீழே சிங்களக் கிராமத்து ஆட்களும் இதே கேள்விக்குறிகளைத்தான் பார்த்தார்கள். சிங்களத்துக்கும் 16 பிட்தான். உங்கள் எல்லையைத் தாண்டி முழுசாக வந்து சேர்வது ஆங்கிலம் மட்டுமே. மலையில் கொழுந்து பறிக்கிறவர்களில் எத்தனை பேர் ஆங்கிலத்தில் எச்சரிக்கை படிப்பார்கள்? தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரித் துண்டு, வங்கிக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு என்று எதையாவது தூக்கிக்கொண்டு படித்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். எத்தனை வருஷம் இப்படி? சரி, அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல முடியாது. இந்தச் செய்திக்கு மட்டும் நீங்கள்தான் பொறுப்பு.

தயவுசெய்து அந்த மாற்றும் இயந்திரத்தின் அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். தமிழைத் தமிழாகக் கடத்துங்கள். திருத்திய பிறகு வேறு வலையமைப்பிலிருந்து ஒரு பரீட்சைச் செய்தியை மேல் லயத்துக்கு அனுப்புங்கள். 70 குறியீட்டைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67தான் மிஞ்சும் என்பதால் அதையும் நீளமாகவே அனுப்பிச் சோதியுங்கள். சித்திரை கழிந்தால் அடுத்த மழை. அதற்குள் நாளையும் நேரத்தையும் சொன்னால், பாட்டியைப் போனோடு கடைக்கு வரச் சொல்லி வைக்கிறேன். என்ன வந்தது என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அப்புத்தளை ரீலோட் கடைக்காரன்