திகதியை மறைத்து விற்ற பிலிம் பெட்டி பற்றிய புகார்

டிக்கோயா
2025.02.10

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: காலாவதித் திகதிக்கு மேல் வேறு திகதி ஒட்டி விற்கப்பட்ட எஃப்பி-100சி பிலிம்

வணக்கம்.

மார்கழி நடுவில் உங்கள் கொழும்புக் கடையில் போன் மூலம் ஓடர் கொடுத்து ஒரு பெட்டி ஃபுஜி எஃப்பி-100சி பிலிம் வாங்கினேன். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே படம் கையில் வரும் உடனடிப் பிலிம் அது. பத்துப் படம் எடுக்கக்கூடிய பெட்டி, விலை 46,500 ரூபா, கூரியர் காசு தனி. தைப்பொங்கல் அன்று அதைக் கமராவில் போட்டுப் படம் எடுத்தேன். பத்தில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. அதன் பிறகுதான் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைத் தாளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்துப் பார்த்தேன். மேலே ஒட்டிய தாளில் இருந்தது 2018 ஒக்டோபர். அடியில், பெட்டியோடு சேர்ந்து அச்சடித்திருந்தது 2009 ஜூலை.

புகார் இவ்வளவுதான். ஆனால் போனில் இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர், "பழைய பிலிம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அவருக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது பொலரொய்ட் ஓட்டோமெட்டிக் 250. 1967இல் விற்பனைக்கு வந்த மொடல், முன்பக்கம் துருத்திபோல மடிந்து விரியும். என் தாத்தா தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, வேலை செய்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அந்தப் பங்களாத் துரை சீமைக்குக் கிளம்பினார். மற்றச் சாமானை எல்லாம் விற்றவர், இந்தக் கமராவை மட்டும், உள்ளே மிச்சமிருந்த பிலிமோடு தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த மிச்சத்தில் தாத்தா எடுத்த ஒரு வண்ணப்படம் இன்றும் எங்களிடம் இருக்கிறது. லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டின் முன்னால், அப்பாயி நிற்கிறார். அவர் இடுப்பில் என் அப்பா, கைக்குழந்தை. படத்தின் ஓரம் மஞ்சளடித்துவிட்டது, ஆனால் அப்பாயியின் சேலைக் கரை வரைக்கும் தெரிகிறது.

பிறகு பல வருடம் அந்தக் கமரா டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நான் ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். அதற்கான பழைய 4.5 வோல்ட் பெட்டரி இப்போது கிடைக்காது. ஹட்டனில் ஒரு ரேடியோ திருத்துபவர் மூன்று சின்ன பெட்டரி வைக்க இடம் செய்து வயரும் பற்றவைத்துக் கொடுத்தார். ஷட்டர் உயிர் பெற்ற அன்று நான் பட்ட சந்தோசம் சொல்லி முடியாது.

இந்தக் கமராவின் அருமை தெரியாதவர்கள், போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். பொலரொய்ட் கம்பனியைத் தொடங்கிய எட்வின் லேண்டிடம் 1943இல் அவருடைய சின்ன மகள், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் அவர் இந்த முறையையே கண்டுபிடித்தார். 1947இல் உலகத்துக்குக் காட்டினார், அடுத்த வருடமே கமரா கடைக்கு வந்துவிட்டது. அந்தச் சின்னப் பிள்ளையின் கேள்வியை நான் எங்கள் லயத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். வெள்ளை நாடாவை இழுத்து, மஞ்சள் நாடாவை நேராக இழுத்தால் இரண்டு உருளைகளுக்கு நடுவே மருந்துப் பை நசுங்கி, தாளுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் மருந்து பரவும். பிறகு காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்து இரண்டையும் உரித்தெடுக்கும்போது, ஈரம் காயாத ஒரு படம் கையில் இருக்கும். அதே தாள் அந்த வாசலில், அந்த வெளிச்சத்தில், அவர்கள் கண்முன்னாலேயே படமானது. போனில் எடுக்கும் ஆயிரம் படங்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

எஃப்பி-100சியின் நெகட்டிவையும் நான் எறிவதில்லை. அதன் கறுப்புப் பின்புறத்தை பிளீச் போட்டுக் கவனமாகக் கழுவினால் அச்செடுக்கக்கூடிய நெகட்டிவ் கிடைக்கும். ஒரு பெட்டியில் பத்துப் படமும் பத்து நெகட்டிவும். அதனால்தான் இந்தப் பிலிமுக்கு இவ்வளவு தேடல்.

சரி, பிலிமுக்கு வருகிறேன். பொலரொய்ட் 2008இல் தன் உடனடிப் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த அதன் கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சில ஆர்வலர்கள் வாங்கிக் காப்பாற்றி, 2010இல் மறுபடி பிலிம் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அது படம் தானாக வெளியே வரும் கமராக்களுக்கான பிலிம். என் கமராவுக்கு வேண்டிய உரித்தெடுக்கும் பிலிமைக் கடைசியாகப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது ஃபுஜி. அவர்களும் 2013இல் கறுப்பு வெள்ளை எஃப்பி-3000பியை நிறுத்தினார்கள், 2016இல் எஃப்பி-100சியையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். இப்போது உலகத்தில் மிச்சமிருக்கும் பெட்டிகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போகின்றன.

இதெல்லாம் தெரிந்துதான் உங்களிடம் வாங்கினேன். பழைய பிலிம் என்று குறை சொல்லவே இல்லை. நான் ஓடர் கொடுக்கும் முன் கேட்டது ஒரே கேள்வி: "பெட்டியில் என்ன திகதி இருக்கிறது?" உங்கள் ஊழியர் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, "2018, கடைசிச் சரக்கு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தது" என்றார். 2018 திகதியுள்ள பிலிமைக் குளிரில் வைத்திருந்தால் நிறம் கொஞ்சம் மாறினாலும் படம் வரும் என்று நம்பலாம். 2009 என்று சொல்லியிருந்தால் வாங்கினாலும் வாங்கியிருப்பேன், ஆனால் பாதி விலைக்கு, தேயிலை மலையையும் மேகத்தையும் எடுத்துப் பார்க்க. பொங்கலுக்கு அதை நம்பியிருக்கவே மாட்டேன்.

ஏனென்றால் இந்தப் பொங்கல் எங்களுக்கு லயத்தில் கடைசிப் பொங்கல். ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குப் போகும் முறை எங்களுக்கு வந்துவிட்டது. தாத்தா எடுத்த அதே வாசலில், அதே கமராவில், ஐம்பது வருடம் கழித்து அப்பாயியை உட்காரவைத்து அவர் மடியில் என் மகளை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பாயி இரண்டு நாள் முன்பே சேலையை எடுத்து வைத்துவிட்டார்.

உங்கள் மின்னஞ்சலில், மலைநாட்டுக் குளிரால் படம் வராமல் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. குளிரில் இந்தப் பிலிம் மெதுவாக வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கமராவோடு வந்த கோல்ட் கிளிப் என்ற இரண்டு அலுமினியத் தகட்டைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, இழுத்த படத்தை அதற்குள் வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். உருளைகளையும் முந்தின நாள் இரவே துடைத்து வைத்தேன். குளிரால் படம் மங்கும், நிறம் செத்துப்போகும். ஆனால் குளிரால் மருந்து காய்ந்து போகாது. நான் உரித்தபோது மருந்துப் பையில் ஈரமே இல்லை, தவிட்டு நிறத்தில் பொருக்காக உதிர்ந்தது. காலையில் மூன்று படம் அப்படிப் போனதும் நிறுத்திவிட்டேன். மதியம் நல்ல வெயிலில், சுவரில் தொங்கும் வெப்பமானி 22 பாகை காட்டும்போது மறுபடி முயற்சி செய்தேன். அப்போதும் அதே கதிதான். மொத்தத்தில் ஆறு படம் முற்றாகக் காய்ந்தவை. இரண்டில் வெள்ளை நாடா கையோடு பிய்ந்து வந்தது, படம் உள்ளேயே சிக்கியது. மிச்சம் இரண்டில் மட்டும் மருந்து விசிறிபோலக் கொஞ்ச தூரம் பரவி நின்றிருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் எண்ணினார்கள். ஐந்தாவது படத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இழப்பீடாக வேறு பிலிம் பெட்டி ஒன்று தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஐ-டைப் பிலிமோ இன்ஸ்டாக்ஸ் பிலிமோ என் கமராவுக்குப் பொருந்தாது. அந்தப் பிலிம்களைக் கமராவே வெளியே தள்ளும், என் கமராவில் கையால் இழுக்க வேண்டும். அளவும் வேறு, பொதியின் அமைப்பும் வேறு. உடனடிப் பிலிம் விற்கும் ஒரு கடைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தடவை வாங்கினால் பத்து வீதம் கழிவு என்பதையும் நான் ஏற்கவில்லை.

46,500 ரூபா எங்கள் பக்கத்தில் என்ன பெறுமதி என்றும் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபா என்று முடிவானது. அந்தக் கணக்கில் இது 34 நாளுக்கும் மேல் மலையேறிக் கொழுந்து பறித்தால் வரும் காசு. என் அம்மா அந்த வேலையில்தான் என்னைப் படிக்கவைத்தார். நான் எட்டு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதை வாங்கினேன்.

நான் கேட்பது இவைதான். பிலிமின் முழு விலையையும் கூரியர் கட்டணத்தையும் இரண்டு கிழமைக்குள் என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். அதே சரக்கில் உங்களிடம் மிச்சம் இருக்கும் பெட்டிகளில் ஒட்டிய தாளை நீக்கி, உண்மையான திகதியைச் சொல்லி விற்பனைக்கு வையுங்கள். அவற்றை எறிந்துவிடச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன், பரிசோதனையாக எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், பிலிமும் இனி வராது. அப்புறம், இதற்கு முன் இந்தச் சரக்கை வாங்கியவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். யாராவது ஒருவர் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கோ, கண் மூடப்போகும் பெரியவர் ஒருவரைப் படம் எடுக்கவோ அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கலாம். அவர்கள் பிரிக்கும் முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் பணத்தை விட எனக்கு இது முக்கியம்.

அந்தத் தாளை ஒட்டியது நீங்களா, உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவரா என்று விசாரித்து எழுத்தில் பதில் தாருங்கள். உங்களுக்கும் தெரியாமல் நடந்திருந்தால் அதையும் நேராக எழுதுங்கள், நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன்.

கடந்த கிழமை நாங்கள் வீடு மாறிவிட்டோம். பழைய காம்பிராவின் கூரைத் தகரத்தைக் கழற்றியாயிற்று, வாசல் நிலையையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் படத்தை இனி எடுக்க முடியாது.

பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டி, உரித்த வெள்ளைத் தாள் ஆகியவற்றோடு ஒன்பது படங்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்தாவதை அனுப்பவில்லை, அதன் போட்டோப் பிரதியை மட்டும் இணைத்திருக்கிறேன். மருந்து பரவிய மூலையில் அப்பாயியின் கையும் அதைப் பிடித்திருக்கும் என் மகளின் விரல்களும் விழுந்திருக்கின்றன. அது எங்கள் வீட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்