நீ போனில் கேட்டதற்கு

எவ்ரி, 2025 நவம்பர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் "கட்சி மாறினால் தப்பாப்பா?" என்று கேட்டதும் நான் "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. உன் அம்மா பக்கத்தில் நின்றாள், அவளுக்கு அரசியல் பேச்சே ஆகாது. அதோடு, சட்டென்று சொல்லிவிடுகிற பதிலும் என்னிடம் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இதற்கு நம் ஊரிலேயே ஒரு ஆள் இருந்தாரே! மானுவேல் வால்ஸ். 2001 முதல் 2012 வரை நம் எவ்ரிக்கு மேயர், பிறகு பிரான்சுக்கே பிரதமரானவர். சின்ன வயதில் நீ "தலையில் மரம் வைத்த கோயில்" என்று சொல்வாயே, அந்தச் செங்கல் கதீட்ரலுக்குப் பக்கத்து நகராட்சிக் கட்டடத்தில்தான் அவர் அலுவலகம். இங்கே பாதிப் பேர் அவரைத் துரோகி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

அவர் 1962இல் பார்சலோனாவில் பிறந்தவர். அப்பா காட்டலான் ஓவியர், அம்மா சுவிஸ்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியது 1982இல், இருபது வயதில். அதே 1962இல்தான் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள். உன் தாத்தா காரைக்காலில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தில்தான் நம் குடும்பமே இங்கே நிற்கிறது. ஒரு பேப்பரில் பேர் எழுதுவதை நம் வீட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

வால்ஸ் 1980இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது கட்சி முழுக்க, அடுத்த வருஷமே ஜனாதிபதியான மித்தரானின் அலை. இவரோ மிஷல் ரோக்கார் பக்கம், அதாவது கட்சிக்குள்ளேயே வலது மூலை. ரோக்கார் பிரதமரானதும் அவர் அலுவலகத்தில் வேலை, பிறகு ஜோஸ்பன் பிரதமரானபோது பத்திரிகைத் தொடர்பு. அந்த மூலையை விட்டு அவர் நகரவே இல்லை. 2009இல் சோஷலிசம் என்ற சொல்லே பழசாகிவிட்டது, கட்சிப் பெயரை மாற்ற வேண்டும் என்று பேசினார். கட்சித் தலைவி மர்த்தின் ஒப்ரி, அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்றால் வெளியே போகலாம் என்ற பொருளில் கடிதமே எழுதினார். வால்ஸ் போகவில்லை. அதே வருஷம்தான் நம் ஊர்ப் பழைய சாமான் சந்தையில் நடந்துகொண்டே, இன்னும் சில வெள்ளைக்காரர்களைக் கொண்டுவந்து போடுங்கள் என்று சொன்னது கேமராவில் பதிவானது. ஏழைகளை ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது என்றுதான் சொல்ல வந்தேன் என்று பிறகு விளக்கம் சொன்னார். சொல்ல வந்தது சரியாகவே இருக்கட்டும், சொன்னது வேறு.

2011இல் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது ஆறு சதவீதம்கூட இல்லை. 2012இல் உள்துறை மந்திரி, 2014இல் பிரதமர். ஒப்ரியின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பிரதமராக இருந்தபோது தொழிலாளர் சட்டத்தை அரசியல் சட்டத்தின் 49-3 பிரிவை வைத்துத் தள்ளினார். அந்தப் பிரிவு உனக்கே தெரியும்: மசோதாவுக்கு ஓட்டெடுப்பே வேண்டாம், அரசாங்கத்தைக் கவிழ்க்க முடிந்தால் கவிழ்த்துக்கொள் என்கிற விஷயம். எதிர்த்தவர்களில் அவர் கட்சி எம்.பி.க்களே இருந்தார்கள். ஆறே மாதம் கழித்து ஜனாதிபதி ஆசை வந்தது. பட்ஜெட்டைத் தவிர மற்றதற்கு 49-3ஐ எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார்! நான் டீவி முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன், உன் அம்மா என்னவோ ஏதோ என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

சரி, இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் நடந்த கட்சித் தேர்தலில், யார் ஜெயித்தாலும் அவரை ஆதரிப்போம் என்று வேட்பாளர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். வால்ஸும் போட்டார். 41 சதவீதம் வாங்கி, கட்சியின் இடது பக்கத்து ஆளான பெனுவா ஆமோனிடம் தோற்றார். மார்ச்சில் வந்து, என் ஓட்டு மக்ரோனுக்கு என்றார். இந்த மக்ரோன் அவருடைய மந்திரிசபையிலேயே பொருளாதார மந்திரியாக இருந்தவர். தீவிர வலதுசாரி லெப்பென் வந்துவிடக் கூடாது என்று காரணம் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, காரணத்தில் நான் குற்றம் பார்க்கவில்லை. அவர் கருத்துக்கும் மக்ரோன்தான் பொருத்தம். ஆனால் ஆமோன் பக்கம் போக முடியாது என்று ஜனவரியிலேயே அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே போட்ட கையெழுத்து அது. எனக்கு உறுத்துவது அந்த இரண்டு மாதம்தான். ஜனாதிபதித் தேர்தலில் ஆமோனுக்குக் கடைசியில் ஆறு சதவீதம் சொச்சம்.

ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மக்ரோன் கட்சி வால்ஸுக்கு டிக்கெட் கொடுக்கவில்லை, எதிராக ஆளும் நிறுத்தவில்லை. நம் தொகுதியில் இடதுசாரி வேட்பாளர் ஃபரிதா அம்ரானியை 139 ஓட்டில் ஜெயித்தார். நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே, உன் அம்மாவுக்கே சொன்னதில்லை. ஜெயித்துப் பத்து நாள் ஆவதற்குள் சோஷலிஸ்ட் கட்சியை விட்டார். அடுத்த வருஷம் அக்டோபரில் எம்.பி. பதவியையும் விட்டுவிட்டுப் பார்சலோனாவுக்கு மேயராகப் போட்டியிடப் போனார். 2022இல் அந்தத் தொகுதி அம்ரானிக்கே போனது.

பார்சலோனாவில், காட்டலோனியா தனியாகப் பிரியக் கூடாது என்கிற சியுதடானோஸ் கட்சியின் ஆதரவோடு நின்றார். மாநகராட்சியின் 41 இடத்தில் ஆறுதான் கிடைத்தது. அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நான் இன்னும் மதிக்கிறேன். காட்டலோனியாவைத் தனி நாடாக்க நினைப்பவர் மேயராகக் கூடாது என்பதற்காக, தனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இடதுசாரி ஆடா கொலாவுக்குத் தன் அணியிலிருந்து மூன்று ஓட்டைக் கொடுத்தார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. சியுதடானோஸ் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. நஷ்டம் வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

2022இல் பிரான்சுக்குத் திரும்பி மக்ரோன் கூட்டணியில், ஸ்பெயின் பக்கம் வாழும் பிரெஞ்சுக்காரர்களின் தொகுதியில் நின்று முதல் சுற்றிலேயே போனார். கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். 2024 டிசம்பரில் கடல்கடந்த பகுதிகளுக்கு மந்திரி! பசிபிக் கடலில் பிரான்சிடம் இருக்கும் நியூ கலிடோனியா தீவின் எதிர்காலம் பற்றிய ஒப்பந்தத்துக்காக ஓடினார். 1988இல் அதே தீவுக்கு ரோக்கார் சமாதானம் பேசியபோது அவர் அலுவலகத்தில் இருந்த பையன்தான் இவர். போன மாதம் அந்தப் பதவியும் போயிற்று.

இனி உன் விஷயம். வரும் மார்ச் நகராட்சித் தேர்தலுக்கு வேறு கட்சிக்கார அந்தப் பெண்மணி உன்னைத் தன் வேட்பாளர் பட்டியலில் நிற்கச் சொல்கிறார். உன் பழைய கிளையில் பத்து வருஷம் நோட்டீஸ் கொடுத்தாய், நாற்காலி அடுக்கினாய். போவது என்று முடிவானால் உள்ளூர்ப் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல். ஆபீஸ் சாவி உன்னிடம் இருந்தால் கையோடு கொடுத்துவிட்டு வா. அந்தக் கூட்டத்தில் யாருக்காவது ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாயா என்றும் பார்த்துக்கொள்.

அம்மா வடகம் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் டப்பாவில் போட்டு மூடி வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

ஆமாம், அந்தப் பட்டியலில் உனக்கு எத்தனையாவது இடம் என்று நீ சொல்லவே இல்லையே?

அன்புடன்,
அப்பா